பளபளப்பு ஒரு பொய்க்கணக்கு

"1970 ப்ளிமத் ஹெமி குடா - ஃபேக்டரி ஸ்டாக்."

அமெரிக்காவில் நடக்கும் மாடல் கார் போட்டிகளில் இந்த மாதிரி ஒரு அட்டை மேசைமேல் நிற்பது சர்வ சாதாரணம். அட்டைக்குப் பின்னால் 19 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் கார். பெயின்ட் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் பார்ப்பவரின் மூக்கு, மூக்குக் கண்ணாடி, தலைக்கு மேலே எரியும் ட்யூப் லைட் எல்லாம் பானெட்டில் அப்படியே தெரியும். கட்டியவர் ஒரு மாதமாவது தூக்கம் கெட்டிருப்பார். அந்த உழைப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அட்டையில் எழுதியிருப்பது பொய். "ஃபேக்டரி ஸ்டாக்" என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே என்று அர்த்தம். அப்படி ஒரு கார் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும், எந்த வருஷத்திலும், வெளியே வந்ததே கிடையாது.

மசில் கார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நடுத்தர சைஸில் உள்ள சாதாரண காரில், பெரிய காருக்கு என்று செய்த இன்ஜினைத் தூக்கிவைத்தால் அது மசில் கார். இதை ஒரு வியாபாரமாக ஆக்கியது 1964 பான்டியாக் ஜி.டி.ஓ. நடுத்தர காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஒரு விதி வைத்திருந்தது. பான்டியாக்கில் இருந்த ஜான் டிலோரியனும் சகாக்களும் 389 கன அங்குல இன்ஜினை தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு "ஆப்ஷன்" என்று விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். (விதியை மீறாமல் விதிக்குப் பக்கத்துச் சந்தில் போவது எப்படி என்று வணிகவியல் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்.) முதல் வருஷத்திலேயே 32,450 கார் விற்றது. பிறகு எல்லாக் கம்பெனிகளும் வரிசையில் வந்து நின்றன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெரிய பணக்காரர்கள் இல்லை. வேலைக்குப் போய் நாலு காசு பார்க்க ஆரம்பித்த இளவட்டங்கள்.

இதன் பிளாஸ்டிக் மாடல் என்பது ஒரு பெட்டி. உள்ளே பாலிஸ்டைரின் சட்டங்களில் காய் காய்த்த மாதிரி தொங்கும் நூறு சொச்சம் பாகங்கள். நறுக்க வேண்டும், அச்சின் ஒட்டுக்கோடுகளையும் பிசிறுகளையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், ஒட்ட வேண்டும். (இந்தப் பசை நிஜத்தில் பசையே இல்லை. பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கும் திரவம்.) சோப்புத் தண்ணீரில் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட்டு பிரைமர், அதன்மேல் கலர். ரெவல் கம்பெனியின் 1970 ஹெமி குடா 1/25 அளவு. நிஜக் காரின் 4.74 மீட்டர் நீளம் அதில் 19 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது.

வம்பு ஆரம்பிப்பது கலருக்கு அப்புறம்தான். கலர் மேல் கிளியர் கோட் மூன்று, நான்கு. காய்ந்ததும் 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பு. பிறகு அதைவிட நைசான துணி, அதைவிட நைசு, 12000 வரை. பிறகு பாலிஷ். பிறகு மெழுகு. அப்போதுதான் அந்தக் கண்ணாடி வரும்.

1970-ல் கிரைஸ்லர் தொழிற்சாலையில் இதில் எதுவுமே நடக்கவில்லை. அக்ரிலிக் எனாமலை ஸ்ப்ரே பண்ணினார்கள், அடுப்புக்குள் அனுப்பிச் சுட்டார்கள், முடிந்தது கதை. கிளியர் கோட் என்ற சமாச்சாரம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பரவலானதே 1980-களில்தான். ஒரே அடுக்குக் கலர், அதிலேயே பளபளப்பு. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் இருக்கும். கதவு இடுக்கில் பெயின்ட் வழிந்து உறைந்திருக்கும். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள சந்து மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் கையைத் தூக்குவார். "ஆரஞ்சுத் தோலை 25-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் கண்ணுக்கே தெரியாதே? அப்புறம் மாடல் வழவழவென்று இருப்பதுதானே சரி?" நியாயமான கேள்வி. வழவழப்பு சரிதான். கண்ணாடிதான் தப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் தார்ச்சாலையின் ஜல்லி தெரியாது, அதற்காகச் சாலையில் முகம் பார்க்க முடியுமா? மேடு பள்ளம் மறைந்தாலும் அது செய்த வேலை மறையாது: பிம்பம் கலங்கித்தான் தெரியும். 1970 எனாமலில் எதிர்வீட்டு ஜன்னல் ஒரு வெளிச்சத் திட்டாகத் தெரிந்திருக்கும், ஜன்னல் கம்பியை எண்ண முடிந்திருக்காது. பளபளப்பான எனாமலை ஒழுங்காக அடித்து, பாலிஷ் போடாமல் விட்டாலே இந்தக் கலங்கல் தானாக வந்துவிடுகிறது. அதாவது உண்மைக்கு உழைப்பு குறைவு, பொய்க்குத்தான் ஒரு மாதம்!

இன்னும் கணக்கு இருக்கிறது. அன்றைய தொழிற்சாலைப் பெயின்டின் மொத்தக் கனம், பிரைமர் உட்பட, சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். மாடலில் அது 0.004 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். நடக்கிற காரியமில்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பிரைமர் இரண்டு, கலர் மூன்று, கிளியர் நான்கு என்று அடுக்கினால் மாடலின் மேலேயே பத்தில் ஒரு மில்லிமீட்டர் சேர்ந்துவிடும். அதை 25-ஆல் பெருக்கினால் நிஜக் காரின்மேல் இரண்டரை மில்லிமீட்டர்! ஒரு ரூபாய்க் காசைவிடக் கனமான பெயின்ட். கதவுக்கோடுகள் தூர்ந்துபோவதும், காரின்மேல் அச்சில் வார்த்த எழுத்துகள் மழுங்குவதும் இதனால்தான். அப்புறம் ஊசி எடுத்துக் கோட்டைத் திரும்பத் தோண்டுகிறார்கள்.

மெட்டாலிக் கலர் இன்னும் வேடிக்கை. ப்ளிமத் 1970-ல் "லெமன் ட்விஸ்ட்", "லைம் லைட்", "விட்டமின் சி", "இன்-வயலட்" என்று கண்ணைப் பறிக்கும் கலர்களாக இறக்கியது. இன்-வயலட்டில் அலுமினியத் தூள் கலந்திருக்கும். "அதே கலர்தான் வேண்டும்" என்று நிஜக் கார் பெயின்டையே வாங்கி மாடலில் அடிப்பவர்கள் உண்டு. அந்தத் தூளின் ஒரு துகள் 30 மைக்ரான் என்று வையுங்கள். 25 மடங்கு ஆக்கினால் முக்கால் மில்லிமீட்டர். கார் முழுக்க ரவையைத் தூவின மாதிரி! கலர் நம்பர் சரி, டப்பா சரி, காகிதத்தில் எல்லாமே சரி. கார் மட்டும் தப்பு.

சரி, இதெல்லாம் தெரியாமலா செய்கிறார்கள்? இஞ்ச் இஞ்சாகப் படம் பார்த்துக் கட்டுகிறவர்கள் அவர்கள். ஸ்டியரிங் திருகாணி எத்தனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பிரச்சினை, அவர்கள் பார்க்கும் படம் எந்தக் காருடையது என்பதில் இருக்கிறது. 1970-ல் டீலர் வாசலில் நின்ற காரின் படம் அல்ல அது. ஏலத்துக்கு வந்த காரின் படம்.

2014 ஜூனில் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் ஒரு 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகையில் தயாரானதே 11 கார்தான். புதிதாக விற்றபோது ஹெமி இன்ஜினுக்காகக் கூடுதலாகக் கேட்ட சில நூறு டாலரே அதிகம் என்று ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். 1970-ல் கூட ஹெமி போட்ட குடா ஹார்ட்டாப் 652-ம் கன்வர்ட்டிபிள் 14-ம்தான் தயாராயின. விற்காத சரக்கு, பிற்பாடு விலைமதிக்க முடியாத சரக்கு ஆனது. விலை இந்த உயரத்துக்குப் போனதும் காரைப் புதுப்பிக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? தொழிற்சாலை ஒருநாளும் செய்யாத வேலையைச் செய்வார்கள். சந்துகளை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பட்டி பார்த்து, கிளியர் கோட் போட்டு, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கினார்கள். வருஷக் கடைசியில் பேலன்ஸ் ஷீட்டைச் சிங்காரித்துக் காட்டுவதற்கு "விண்டோ டிரஸ்ஸிங்" என்று பெயர். பி.காம். முதல் வருஷத்துப் பையனுக்குக்கூட அது தெரியும். இங்கே சிங்காரித்தது முதலீட்டாளர்கள். அதைப் பார்த்து, சம்பந்தமே இல்லாத மாடல்காரர்கள் சின்ன அளவில் நகல் எடுக்கிறார்கள். இவர்களை யார் ஏலத்துக்குக் கூப்பிட்டார்கள்?

இதில் உச்சகட்ட வேடிக்கை, நிஜக் கார்க்காரர்களில் ஒரு சாரார் இதிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டார்கள். கார்வெட் கார்களுக்கென்று 1974-ல் ஆரம்பித்த என்.சி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. அதன் மதிப்பீட்டில் கேட்கும் கேள்வி, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது கார் எப்படி இருந்தது என்பதுதான். அதைவிட அழகாக்கினால் மார்க் குறையும்! கிரைஸ்லர் கார்களிலும் இன்று தொழிலாளி சாக்பீஸால் கிறுக்கிய அடையாளம், தப்பித் தெறித்த பெயின்ட், வழிசல் என்று தேடித் தேடித் திரும்ப வரைகிற புதுப்பிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல மாடல் போட்டிகளில் நடுவர்கள் இன்னமும் பேனா டார்ச்சோடு குனிந்து, பளபளப்பில் ஒரு தூசி இருக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாதிரி எடுத்தவன் விட்டுவிட்ட பழக்கத்தை நகல் எடுத்தவன் விடமாட்டேன் என்கிறான்.

"இதெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. எப்படி வேண்டுமானாலும் அடித்துக்கொள்கிறார்கள், உங்களுக்கென்ன?" என்பது அடுத்த பதில். தாராளமாக அடிக்கலாம். இந்தப் பொழுதுபோக்கிலேயே கஸ்டம் என்று ஒரு பரம்பரை இருக்கிறது. ஏ.எம்.டி. கம்பெனி 1958-லிருந்து விற்ற பெட்டிகளில் ஒரே காரைத் தொழிற்சாலைப்படியும் கட்டலாம், இஷ்டத்துக்கு அலங்கரித்தும் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். ஜார்ஜ் பேரிஸ், எட் ராத் மாதிரியானவர்கள் செய்த ஷோ கார்களில் பளபளப்புதான் காரே. அந்தக் காரின் மாடலை மங்கலாக அடித்தால் அதுதான் பொய். கஸ்டம் கட்டுகிறவர் கஸ்டம் என்று சொல்லிவிட்டுக் கட்டுகிறார், அதில் மோசடி ஏதும் இல்லை. தணிக்கையாளர் கணக்குக்குக் கீழே "உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகிறது" என்று கையெழுத்துப் போடுவாரே, அதற்குச் சமமானது இந்த "ஃபேக்டரி ஸ்டாக்" அட்டை. கையெழுத்துப் போட்ட பிறகு "சும்மா பொழுதுபோக்குக்குப் போட்டேன்" என்று நழுவ முடியாது.

இன்னொரு கட்சியும் உண்டு, துருக் கட்சி. கண்ணாடி பிடிக்காதவர்கள் நேரே எதிர்ப்பக்கம் ஓடி, கதவெல்லாம் துரு, டயரில் காற்று இல்லை, சீட்டுக்குள் புல் முளைத்த கார் என்று கட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 1990-ல் கொட்டகையில் கிடந்த கார். 1970-ல் புதுசாக நின்ற கார் இந்த இரண்டுக்கும் நடுவில் யாருமில்லாமல் நிற்கிறது.

அந்தப் புதுக் காருக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து? குடாவும் அதன் உடன்பிறப்பான டாட்ஜ் சேலஞ்சரும் தயாரான முக்கியமான இடம், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில் இருந்த டாட்ஜ் மெயின் தொழிற்சாலை. 1968 மே மாதம் அங்கே ஒரு திடீர் வேலைநிறுத்தம் நடந்தது. காரணம் வரிசையின் வேகம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கார் என்ற எண்ணிக்கையை நிர்வாகம் ஏற்றிக்கொண்டே போனது, அதே ஆட்கள் அதே கைகளால் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்துதான் வெளியே போனார்கள். தண்டனை மட்டும் கறுப்பினத் தொழிலாளர்கள் தலையில் அதிகமாக விழுந்தது. வேலை போனவர்களில் ஜெனரல் பேக்கரும் ஒருவர். (ஜெனரல் என்பது அவர் பெயர், பதவி அல்ல.) அதிலிருந்து பிறந்ததுதான் "டிரம்" - டாட்ஜ் ரெவல்யூஷனரி யூனியன் மூவ்மென்ட். கம்பெனியையும் எதிர்த்தார்கள், தங்களைக் கண்டுகொள்ளாத சொந்த யூனியனையும் எதிர்த்தார்கள். மிகக் கடினமான, மிக அழுக்கான வேலைகள் எல்லாம் கறுப்பினத்தவருக்கு, மேஸ்திரி வேலை வெள்ளையருக்கு என்பதும் அவர்களின் குற்றச்சாட்டு.

அடுத்த வருஷம் 1970 மாடல் குடா வெளிவர ஆரம்பித்தது, இதே இடத்திலிருந்து. ஒரு ஆளுக்கு ஒரு காரிடம் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். கதவைத் தொங்கவிட்டுச் சந்தைச் சரிபார்ப்பதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும். அந்தக் கோணல் சந்தும், வழிந்த பெயின்டும், அடிப்பக்கம் அரைகுறையாகப் பட்ட கலரும் சோம்பேறித்தனம் இல்லை. அந்த வேகத்தின் கையெழுத்து. தொழிற்சாலை 1980 ஜனவரியில் மூடப்பட்டு, பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அந்தப் பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறு தொழிற்சாலை கட்டிவிட்டது. அந்த ஆட்களின் கை பட்ட தடம் பத்திரமாக மிஞ்சியிருப்பது, யாரும் புதுப்பிக்காமல் தப்பித்த சில கார்களில்தான். மாடல் கட்டுகிறவர் உப்புத்தாளைக் கையில் எடுக்கும்போது அதைத்தான் தேய்த்து எடுக்கிறார். மிஞ்சுவது யாரும் தொடாத கார், யாரும் செய்யாத கார். காசுக்காரனின் கனவில் வந்த கார்.

"அப்படியானால் கையெழுத்துக் கோணலாக இருப்பவனெல்லாம் வரலாற்று ஆசிரியனா?" என்று கிண்டல் வரும். இல்லை. மாடலில் ஆரஞ்சுத் தோல் விழுந்தால் அது 1/25-க்கு ராட்சச ஆரஞ்சு, அது வெறும் மோசமான வேலை. கட்டைவிரல் ரேகை பதிந்த பசைக்கும் இதே தீர்ப்புதான். தொழிற்சாலையின் அவசரத்தைச் சின்ன அளவில் கொண்டுவருவதற்குக் கை நிதானம் இன்னும் அதிகம் வேண்டும். கண்ணாடியில் தப்பு விழுந்தால் தேய்த்துச் சரிபண்ணலாம், பத்து தடவை கூட. அடிப்பக்கத்தில் அடிக்கும் தெறிப்புக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு.

எங்கே ஆரம்பிக்கலாம் என்றால், நடுவர்களின் மதிப்பெண் தாளில். ஃபேக்டரி ஸ்டாக் என்று பெயர் கொடுத்தால் கிளியர் கோட்டுக்கு மார்க் குறையட்டும். விட மனமில்லாதவர்கள் அட்டையில் "ஏலத்துக்குத் தயார்" என்று எழுதிக்கொள்ளட்டும், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை :-)

கட்டுகிறவர்களுக்கு, பானெட்டைத் திறந்தால் தெரிகிற இடம் முதலில். கிரைஸ்லரில் இன்ஜின் அறை முழுக்க உடம்பின் கலர்தான். ஜெனரல் மோட்டார்ஸில் கறுப்பு. இதையே மாற்றி அடித்துவிட்டுக் கூரையை 12000 நம்பரில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஹெமி பிளாக் ஆரஞ்சு, மேல் மூடிகள் சுருக்கம் விழுந்த கறுப்பு. பம்பரின் குரோம் மட்டும் நன்றாக மின்னட்டும், நிஜத்திலும் அது மின்னியது.

பிறகு காரைக் கவிழ்த்துப் போடுங்கள். பெட்டியோடு வரும் தாளில் அடிப்பக்கத்துக்கு முழுக்கக் கறுப்பு என்று போட்டிருந்தால் அதை ஓரமாக வையுங்கள். முதலில் பிரைமர். காய்ந்ததும் உடம்பின் கலரை ஏர்பிரஷ்ஷில் எடுத்து, பக்கவாட்டிலிருந்து சாய்வாக, விளிம்பை ஒட்டி மட்டும் ஊதுங்கள். ஓரத்தில் அடர்த்தியாக, உள்ளே போகப் போக மெலிந்து, நடுவில் பிரைமர் அப்படியே தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரவில்லையே என்று திரும்ப அடிக்கக் கை பரபரக்கும். அடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.